வாடகை டயர்

இந்த வருடம் வேனைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, காட்டுவதற்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகச் செலவழிப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் எடுக்கும் தீர்மானம் மலைபோல நிற்க வேண்டும். என்னுடையதும் நின்றது. பாண்டிலட்சுமி குறுக்கே வரும்வரை.

பாண்டிலட்சுமி என் மனைவி. ஆனைக்குட்டம் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடுவது என் தொழில். வேனின் நான்கு டயரிலும் பட்டன் தேய்ந்து, என் தலையைப் போல் மொட்டையாகிவிட்டது. அப்படியே கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதற்கும் ஒரு வழி உண்டு. ஒர்க்‌ஷாப் சிவபாண்டியிடம் நல்ல டயர் ஒரு செட் வாடகைக்குக் கிடைக்கும். மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டையிலேயே வீடு திரும்பலாம். பெண் பார்க்க வரும் அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் செயினை இரவல் வாங்கிப் போடுவதில்லையா, அது மாதிரி.

“புகை சர்டிபிகேட்டு?” என்றாள்.

“அது நேத்தே வந்துருச்சு. நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து அனுப்புனேன். கடைக்காரப் பய முடிச்சுக் குடுத்துட்டான்.”

“வண்டி இங்கனதான நின்னுச்சு?”

“நின்னுச்சு.”

“புகை மட்டும் தனியா நடந்து போயி பாஸ் பண்ணிட்டு வந்துச்சாக்கும்.”

“வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு என்ன தெரியும். நேத்து நீங்க வண்டியக் கெளப்புன பெறகு, கொடியில காஞ்ச வெள்ளை வேட்டி உங்க கலருக்கு வந்துருச்சு. அம்புட்டுத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வேனின் டயரைப் பார்த்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் விருதுநகர் ரோட்டில் இன்னொருவருடைய வேன் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. மூன்று பெண்கள் போய்விட்டார்கள். அதில் மாரித்தாய், இவளோடு ஒரே தெருவில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிச் சாவு என்றால் பட்டாசு மருந்து வெடித்துத்தான். துணியால் முழுக்க மூடித்தான் கொண்டுவருவார்கள். அன்றைக்கு முகங்கள் அப்படியே இருந்தன. தலையில் வைத்த பூகூட வாடவில்லை. அதுதான் யாராலும் தாங்க முடியவில்லை. நானும் போய் நின்றேன். அந்த வேனுக்கு எஃப்.சி. எல்லாம் சரியாக இருந்தது என்று யாரோ சொன்னார்கள். எந்த டயரைக் காட்டி வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“நாளெல்லாம் மருந்துக்குள்ள கெடந்துட்டு உசுரோட வெளிய வர்றாளுக,” என்றாள். “அவளுகள ரோட்டுல கொன்னுறாதீக.”

“சீசன் முடியட்டும். புதுசு மாத்திருவேன்.”

“போன வருசமும் சீசன் முடியட்டும்னுதான் சொன்னீக. முடியத்தான செஞ்சுச்சு?”

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவள் குரல் திடீரென்று கனிந்தது.

“சரி, போயிட்டு வாங்க. கழட்டுன டயரு எங்கன இருக்கும்?”

“சிவபாண்டி ஒர்க்‌ஷாப்ல, பின்சுவரு ஓரமா.”

“பத்திரமா இருக்கட்டும்.”

அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ‘சரி’ சொன்னபோதெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது.

வேன் பாஸாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் டயரைத் தட்டிப் பார்த்து, “ஆள ஏத்துற வண்டிய இப்படித்தான் வச்சிருக்கணும்,” என்றார். பாராட்டை வாங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். பின்சுவர் ஓரம் காலியாக இருந்தது.

“மதினி வந்தாகளே,” என்றான் சிவபாண்டி. “நீங்கதான் எடுத்துட்டு வரச் சொன்னீகன்னு ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டாக.”

“நீ குடுத்துட்டியா?”

“மதினி கேட்டா நீங்களே குடுத்திருவீகளே. நான் எங்குட்டு மறிக்க?”

வீட்டுக்கு ஓடினேன். பாண்டிலட்சுமி நிதானமாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“டயரு எங்க?”

“அறுத்தாச்சு.”

“நாலுமா?”

“நாலும்தான். ஆட்டுக்குத் தண்ணி காட்டத் தொட்டி மாதிரி வருதுல்ல. வேன்ல வர்ற பொம்பளைகளுக்குக் குடுத்துட்டேன்.”

“அவளுக டயரப் பாத்தாளுகளா?”

“தடவியே பாத்தாளுக. ‘இதுலயா எங்களக் கூட்டிட்டுப் போனாக’ன்னு செல்லத்தாய் கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

வாடகை டயர்கள் அன்றே எனக்குச் சொந்தமாயின. மறுநாள் ஒரு பெண்ணும் வேனுக்கு வரவில்லை. புகையையும் சரிபண்ணிவிட்டு வரச் சொன்னார்களாம். மறுபடியும் சிவபாண்டியிடம் போனேன். இன்ஜினைப் பிரித்து அவன் காட்டியதைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதை நம்பி ஓட்டினேன் என்று எனக்கே புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பெண்கள் வந்தார்கள். பாண்டிலட்சுமியும் அவள் தம்பி இசக்கிப்பாண்டியும் கூடவே வந்தார்கள். யாரும் ஏறவில்லை. செல்லத்தாய் குனிந்து ஒவ்வொரு டயரிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஒச்சப்பண்ணே, பிரேக்க அமுக்குங்க.”

அமுக்கினேன். பின்னால் சிவப்பு லைட் எரிந்தது.

“கெளப்புங்க.”

கிளப்பினேன். ஒருத்தி வெள்ளை முந்தானையைச் சைலன்சருக்குப் பின்னால் பிடித்தாள். முந்தானை வெள்ளையாகவே இருந்தது. இனி எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, செல்லத்தாய் என்னைக் கீழே இறங்கச் சொன்னாள்.

“அந்தா, வளைவுல வர்றது என்னண்ணே?”

“தண்ணி லாரி,” என்றேன், சற்றே அலட்சியமாக.

பக்கத்தில் வந்து நின்றது டவுன் பஸ்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாண்டிலட்சுமி மட்டும் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். இசக்கிப்பாண்டி எதற்கு வந்திருந்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

“நான் எங்க போகட்டும்?”

“பின்னால ஏறுங்க. போற வழியில கண்ணாஸ்பத்திரியில எறக்கிவிடச் சொல்லியிருக்கேன்.”

பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தூக்குச்சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். வேனுக்கு எஃப்.சி. ஆகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை.