காது வைத்த மணிக்கூடு

காலையில் இருந்து மூன்றாவது தடவையாக அந்தக் கைமணிக்கூடு செல்வராசாவின் மணிக்கட்டில் தட்டியது. குனிந்து பார்த்தார். எண்பத்தாறு.

"எண்பத்தாறு, மாக்கிறட்! இப்ப இஞ்ச என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்ல. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ எண்டனான்" என்றாள் மனைவி.

திரும்பவும் தட்டியது. எண்பத்தெட்டு.

செல்வராசாவுக்கு உடம்பு புல்லரித்தது. அவருக்குத் தெரிய வீடு அமைதியாகத்தான் இருந்தது. மாக்கிறட் எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லாத இந்தச் சாமானுக்கு ஏதோ கேட்கிறது. அவர் பள்ளிமுனையில் முப்பத்திரண்டு வருடம் வள்ளத்து எஞ்சின் திருத்தியவர். எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி முடுக்கிவிட்டு, பக்கத்தில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்கே எட்டாத சத்தத்தை இது பிடிக்கிறதென்றால் சும்மாவா!

மணிக்கூட்டைக் கனடாவில் இருந்து அனுப்பியவன் மகன் றெக்சன். "அப்பா, சுத்திவர இருக்கிற சத்தத்தை அது அளக்கும். ஐம்பதுக்குள்ள நிண்டா நல்லது. எண்பதைத் தாண்டினா அதுவே தட்டும்" என்று சொல்லியிருந்தான்.

காரணம் இருந்தது. மகள் கிருஷாந்தினிக்கு ஆறு கிழமை முந்திக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை இன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறது. கொஞ்ச நாளைக்குச் சத்தமில்லாத வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் நறுவிலிக்குளத்துச் சம்பந்தியம்மா முந்திக்கொண்டாள். "எங்கட வீட்டைச் சுத்தி வயல். கொக்குப் பறந்தாத்தான் சத்தம். பிள்ளை இஞ்ச வரட்டும்."

செல்வராசாவுக்கு முதல் பேரப்பிள்ளை. தொட்டிலுக்குத் தன் கையாலேயே வார்னிஷ் பூசி வைத்திருந்தார். அது வெறுமையாகக் கிடக்க அவர் விடுவாரா? இரண்டு மணிக்கு மருத்துவிச்சி சுபாஜினி வந்து வீட்டைப் பார்த்து முடிவு சொல்லுவாள். அதற்குள் சத்தத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில் மின்விசிறியை நிறுத்தினார்.

மாக்கிறட் குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள். "இந்த வெக்கைக்குள்ள ஏனப்பா பேனை நிப்பாட்டினனீங்கள்?"

எண்பத்தொன்பது. ஆக, மின்விசிறி குற்றமற்றது.

அடுத்தது கோழிகள். ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் விட்டார். கடைசிக் கோழி போய் இறங்கவும் அந்த வீட்டு இராசம்மா வேலிக்கு வந்துவிட்டாள்.

"அண்ணை, ஏன் எல்லாக் கோழியும் இஞ்சால வருது? சுகமில்லையோ?"

தொண்ணூறு. தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேரும் இறங்கி வந்து, "என்ன அண்ணை, கோழிக்கு வருத்தமோ?" என்று விசாரித்தார்கள். தொண்ணூற்றொன்று. கோழிகளோ அந்தப் பக்கத்தில் தங்கள் பாட்டுக்குக் கிளறிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் கோயில் ஒலிபெருக்கி அவர் கண்ணில் பட்டது. கோபுரத்தில் இருந்த நாலில் ஒன்று நேராக அவர் வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடவுள் தன் குடும்பத்துக்குத் தனியாகக் காட்டும் கருணை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். இப்போது மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோயில் குருவானவரான பாதரிடம் போனார்.

"பாதர், பேரப்பிள்ளை வருது. எங்கட பக்கம் இருக்கிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் அங்கால திருப்பேலுமோ?"

பாதர் அவருக்குக் கிட்ட வந்தார். "திருப்பலாம் அண்ணை. ஆனா உங்களுக்குப் பூசை கேக்காமப் போயிடுமே?"

"எனக்கோ? எஞ்சின்காரன்ர காது, பாதர்!"

"ஓம், ஓம்" என்று பாதர் அவர் தோளைத் தட்டினார். மணிக்கூடு மணிக்கட்டைத் தட்டியது. தொண்ணூற்றிரண்டு. கோயிலுக்குள்ளேயுமா! செல்வராசா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

திரும்பும்போது கடற்கரையோரமாகத் தனியே நடந்தார். காற்று வீசியது. சிறிய அலைகள் வள்ளங்களை ஆட்டிக்கொண்டிருந்தன. மணிக்கூடு ஐம்பத்திரண்டு காட்டியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். இவ்வளவு பெரிய கடலுக்கு ஐம்பத்திரண்டு; ஒல்லியான பாதருக்குத் தொண்ணூற்றிரண்டு! ஆண்டவரின் படைப்பில் தனக்கு விளங்காதது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணியபடி, ஒரு புதுக் கடலைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை படுக்கும் இடத்திலேயே அளந்து பார்த்தால் என்ன என்று பிறகு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் போய் மணிக்கூட்டைக் கழற்றித் தொட்டில் சட்டத்தில் கட்டிவிட்டு, தெரு முனையில் நசீறாவின் கடை வாசல் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு எழுந்து வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பூனைபோல உள்ளே நுழைந்தார்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் மாக்கிறட்டும் சுபாஜினியும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கவாட்டில் பார்க்க இருவரின் உதடுகளும் அசைந்தன. பிள்ளைக்காகச் செபம் சொல்கிறார்கள் போலும். அவர் எட்டி மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு!

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடலைவிட அமைதியான வீடு, அவருடைய வீடு!

மாக்கிறட் திரும்பினாள். "எப்ப வந்தனீங்கள்? சத்தமே இல்லாம நிக்கிறீங்கள்!"

எண்பத்தெட்டு.

செல்வராசா கதிரையில் சரிந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. "மிஸ், பாத்தீங்களோ? நான் உள்ளுக்கு வந்தவுடன ஏறுது. நான் வாய்கூடத் திறக்கேல்ல. ஆனாலும் என்னாலதான் ஏறுது" என்றார். "நான் எஞ்சின் கொட்டிலுக்குள்ள படுக்கிறன். ஒரு மாசமெண்டாலும் இருப்பன். பிள்ளையை மட்டும் நறுவிலிக்குளத்துக்கு அனுப்பாதேங்கோ."

சுபாஜினியின் உதடுகள் அசைந்தன. மறுபடியும் செபம். பிறகு அவள் மாக்கிறட்டைப் பார்த்தாள். மாக்கிறட் சேலைத் தலைப்பைத் திருகியபடி குனிந்து நின்று நீண்ட நேரம் உதட்டை அசைத்தாள். மருத்துவிச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஐயா, நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை! பிள்ளை இஞ்சதான் வரும்! ஒரு மிசின் மட்டும் போடவேணும்!"

தொட்டிலில் மணிக்கூடு தொண்ணூற்று நாலைத் தொட்டது. செல்வராசா அதை மலைப்போடு பார்த்தார்.

"மிசினோ? பிள்ளைக்கோ?"

"உங்கட காதுக்கு, ஐயா! உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதானே பாதரில இருந்து இந்தத் தெரு முழுக்க ஏழு வருசமாக் கத்திக் கதைக்குது!"