அலமாரி அலைவரிசை

துணி அலமாரிக்குள் தலையை விட்டபடி, "வணக்கம் நேயர்களே!" என்றான் எட்சன். எதிரொலி வராமலிருக்க, மனைவி ஜாஸ்மி மஸ்கட்டுக்குக் கொண்டுபோகாத சேலைகளுக்கு நடுவேதான் மைக் இருந்தது. பாச்சை உருண்டை வாசத்தில் தும்மல் வந்தது. பதிவிலிருந்து அதை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கும் அவன்தான். 'தெக்கத்தி டெக்' பாட்காஸ்ட் நிறுவனத்தின் முதலாளி, ஊழியர், தரை பெருக்குகிறவர் எல்லாம் அவன் ஒருவனே.

சிக்கல் ஒன்றுதான். கேட்க வருகிறவர்கள் முதல் நிமிடத்திலேயே ஓடிவிடுகிறார்கள்.

"ஒரு எபிசோடாவது ஆளுக கடைசி வரைக்கும் கேக்கட்டும், நான் வாயே திறக்கமாட்டேன்" என்று ஜாஸ்மி போனில் சொல்லிவிட்டாள். "இல்லன்னா இந்த மாசத்தோட மூடிட்டு எனக்க அண்ணனுக்க டைல்ஸ் கடைக்குப் போங்க."

அந்த மைத்துனனோடு நாள் முழுக்க இருப்பதற்கு அலமாரியே மேல்.

வேகமாகப் பேசிப் பார்த்தான். "அண்ணே, பின்னால நாய் துரத்துகா?" என்று ஒருவர் எழுதினார். நேயரிடமிருந்து வந்த ஒரே வரி என்பதால் எட்சன் அதை இரண்டு முறை படித்தான்.

துணைக்கு ஆளிருந்தால் கலகலப்பாக இருக்குமென்று செல்போன் கடை ரிஜோவைப் பேட்டிக்கு அழைத்தான். இருவர் தலையும் அலமாரிக்குள். எட்சன் முன்னுரையை முடித்துவிட்டுத் திரும்பினால், விருந்தாளியே பாதியில் எழுந்து போயிருந்தான்.

கடைசியில் வழி சொன்னவர் சுந்தர்சிங் அண்ணன். அஞ்சுகிராமம், சுசீந்திரம் என்று சுற்றும் மைக் ஆட்டோ அவருடையது. ஜவுளித் தள்ளுபடி, மரண அறிவிப்பு, குடிநீர் நிறுத்தம், எதுவானாலும் எட்சன் பதிவுசெய்து கொடுத்த குரல்தான் அதில் ஒலிக்கும். வீட்டில் அடுப்பெரிவதும் அதனால்தான்.

"ஏலே, ஆட்டோவுல உனக்க குரலு வந்தா பஸ்சுக்காரன்கூட வண்டிய நிறுத்திட்டுல்லா காது குடுக்கான். அதே மாதிரி நிதானமாப் பேசேம்லே!"

பேசினான். "அன்பானவர்களே..." என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, போன் பேட்டரியைப் பாதுகாப்பது எப்படியென்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, சர்ச் சபை வாட்சப் குழுவில் போட்டான்.

சாயங்காலம் பாட்காஸ்ட் கணக்கைத் திறந்து பார்த்தான். கேட்ட அத்தனை பேரும் கடைசி நொடிவரை கேட்டிருந்தார்கள். சிலர் மறுபடி முதலிலிருந்தும்!

ஜாஸ்மி போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க. அண்ணன்கிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லிடுகேன்."

போனை வைத்ததும் வீடு மறுபடி அமைதியானது. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார முடியவில்லை. மயிலாடி முக்கில் ராஜபாய் அக்காவின் டீக்கடைக்கு நடந்தான். அவனைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி எழுந்து நின்றார்கள். புகழ் என்பது இதுதான் போலும்.

"அக்கா, நம்ம புரோகிராம் கேட்டியளா?"

"ஒரு சொல்லு விடாம கேட்டேன் மக்கா. ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்தேன்." அக்கா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தது ஆருன்னு மட்டும் நீ கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே?"