துரைக்கு நுரை தள்ளியபோது

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் எங்களில் பலருக்கும் ஒரு நோய் வரும். யாரைப் பார்த்தாலும் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இருமினால் போதும், அவர் இறங்குவதற்குள் மனதுக்குள் எக்ஸ்ரே எடுத்து முடித்திருப்போம். எனக்கு இந்த நோய் நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் கல்யாணமாகி, பாகூர் பக்கம் வயலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வேலை வில்லியனூரில், ஒரு சின்ன கிளினிக்கில்.

வீட்டில் என் கணவர் செந்தில், மாமியார், நாத்தனார் பவித்ரா. அப்புறம் துரை.

துரை ஒரு ஃபைட்டர் மீன். உடம்பு கட்டைவிரல் அளவுதான். வால் மட்டும் நீலமும் சிவப்புமாகப் பட்டுப்புடவை முந்தானை போல விரியும். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தாலே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போவான். பவித்ராவின் செல்லம். அவள் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகத் துரையிடம் போய் அரைமணி நேரம் பேசுவாள். என்னிடம், "சாப்டீங்களா அண்ணி?" (நான் "சாப்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அறைக்குள் போயிருப்பாள்.)

கம்பெனியில் அவளை ஒரு மாதப் பயிற்சிக்கு ஓசூர் அனுப்பினார்கள். கிளம்பும்போது மீன் தீனி டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா மறந்துடுவாங்க. அண்ணனுக்குத் தன் சாப்பாட்டயே வேற யாருனா போட்டுத் தரணும். நீங்க நர்ஸு. உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன் அண்ணி."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. துரை நல்லபடியாக இருந்தால் எனக்கு ஒரு நாத்தனார் கிடைப்பாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் "சாப்டீங்களா அண்ணி"தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் சில நாட்கள் ஒழுங்காகப் போயின. பிறகு ஒரு காலையில் பார்த்தால், தொட்டியின் மூலையில் தண்ணீர் மேல் வெள்ளையாக நுரை. துரை அதற்கு அடியில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாயில் நுரை, சாப்பாடு வேண்டாம். வயல்காட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிற கிளினிக்கில் வேலை பார்க்கும் எனக்கு இதற்கு ஒரே காரணம்தான் தோன்றும்: பூச்சிமருந்து. முந்தின நாள் சாயங்காலம்தான் என் சின்ன மாமனார் (என் மாமனாரின் தம்பி, பக்கத்து வீடு) முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வெளியே நெல்லுக்கு மருந்து அடித்திருந்தார். துரையின் தொட்டி அந்த ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது. துப்பு துலங்கிவிட்டது.

"துரைக்கு நுரை தள்ளுது" என்று செந்திலை எழுப்பினேன்.

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"மொதல்ல கழுவணும்."

விஷம் பட்டவரை அந்த இடத்தை விட்டு நகர்த்தி, துணியை மாற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது நான் படித்த பாடம். துரைக்குத் துணி இல்லை, மற்றதையெல்லாம் செய்தேன். அவனை ஒரு டம்ளரில் பிடித்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, அடியில் ஊறிக் கிடந்த ஏதோ ஒரு இலையைக் குப்பையில் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவி, போர்வெல் தண்ணீரைச் சில்லென்று பிடித்து ஊற்றினேன். ஜன்னலிலிருந்து சமையல் மேடைக்கு இடம் மாற்றினேன். ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"வாயால குடுப்பியா, டிரிப்ஸ் ஏத்துவியா?" என்றார் செந்தில். (பேஷன்ட்டுக்குத் துணையாக வந்து இப்படித் தொல்லை கொடுப்பவர் எல்லா வார்டிலும் ஒருவர் இருப்பார்.)

மறுநாள் காலையில் மறுபடி நுரை. விஷம் இன்னும் இறங்கவில்லை என்று மறுபடி கழுவினேன். அதற்கு மறுநாளும் நுரை, மறுபடியும் கழுவல். எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. இத்தனூண்டு உடம்பில் எவ்வளவு விஷம்தான் தங்கும்? டூட்டி முடிந்து வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செவுள் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நுரையை உற்றுப் பார்த்தால் குமிழிகள் எல்லாம் ஒரே அளவில், ஜவ்வரிசி மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் உடையவே இல்லை. இவ்வளவையும் கவனித்தேன். (கவனிச்சு இன்னா பிரயோஜனம்?) இது ஏதோ பசை கலந்த மருந்து என்று முடிவு கட்டினேன்.

அதே வேகத்தில் வயலுக்குப் போனேன். சின்ன மாமா வரப்பில் நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி நாலைந்து பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க அடிச்ச மருந்துல துரைக்கு நுரை தள்ளுது."

"இன்னாம்மா சொல்ற? வெறும் வேப்பெண்ணம்மா அது. சோப்பு கலந்து அடிச்சேன். அதுக்குப் பூச்சியே சாவல."

"கிளினிக்குக்கு வர்றவங்களும் மொதல்ல இப்படித்தான் மாமா சொல்லுவாங்க. அப்புறம் டப்பாவ வாங்கிப் பார்த்தா வேற என்னமோ எழுதியிருக்கும்."

களை எடுத்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். சின்ன மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்துவிட்டார். தினமும் சாயங்காலம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் டீ. அன்றைக்கு வரவில்லை. மாமியார் அவருடைய டம்ளரை எடுத்து வைத்தார், வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த நாள் நுரை நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "விஷம் எறங்கிடுச்சு அத்தை" என்று அறிவித்தேன். அன்று பவித்ரா வீடியோ காலில் துரை எங்கே என்று கேட்டபோது, "ரெஸ்ட் எடுக்குறான்" என்றேன். பொய் இல்லை. தொட்டியின் அடியில் அசையாமல் படுத்திருந்தான். வால் மடக்கிய குடை மாதிரி சுருங்கியிருந்தது, நிறம் வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நானே பவித்ராவைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கேமராவைத் தொட்டிக்குக் கிட்டே காட்டச் சொன்னாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

"அடியில ஒரு எல கெடந்துதே, அது எங்க அண்ணி?"

"குப்பைன்னு போட்டுட்டேன்."

"தண்ணி எவ்ளோ மாத்துனீங்க?"

"முழுசா. தெனம்."

"பக்கெட்ல புடிச்சு வச்சிருந்த தண்ணியா?"

"இல்ல, நேரா போர்லேர்ந்து."

அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். வேறு இடத்தில் கொடுத்த மாத்திரைகளை நோயாளி பையிலிருந்து எடுத்துக் காட்டும்போது எங்கள் டாக்டர் இப்படித்தான் செய்வார்.

"அண்ணி, அதுக்கு நோவே இல்ல. அது நுரை இல்ல, கூடு. ஆம்பள ஃபைட்டர் நல்ல தெம்பா இருந்தா வாயால குமிழி வுட்டு வுட்டுக் கூடு கட்டும். பொண்ணு மீன் வந்து முட்ட போட்டா அதுல வைக்கிறதுக்கு."

"பொண்ணு மீன் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. வந்தா வூடு ரெடியா இருக்கட்டும்னு கட்டும்."

ஆக, வராத பெண்டாட்டிக்காக ஒருவன் வாயாலேயே வீடு கட்டியிருக்கிறான். விடிந்ததும் நான் அதை இடித்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன். அவனும் சளைக்காமல் திரும்பத் திரும்பக் கட்டி, கடைசியில் முடியாமல் விழுந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க அண்ணி. இப்ப நான் சொல்றத மட்டும் செய்ங்க. நீங்களா புதுசா ஒன்னும் செய்யாதீங்க."

தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்து, குளிர்ச்சி போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். ஒரு நாள் தீனி கிடையாது. தொட்டி பழைய இடத்துக்கே போக வேண்டும். முக்கியமாக, நான் குப்பையில் போட்டது போலக் காய்ந்த பாதாங்கொட்டை (நாட்டு வாதுமை) இலை வேண்டும். அதன் சாறு தண்ணீரில் இறங்கினால் இந்த மீனுக்கு நல்லது.

"அதுக்கு எங்க போறது பவி?"

"சித்தப்பா வூட்டுக் கொல்லையில மரமே இருக்கே. எப்பவும் அங்கேர்ந்துதான் எடுப்பேன்."

போனேன். வேறு வழியில்லை. சின்ன மாமா டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாதாங்கொட்டை எல வேணும்."

"யாருக்கு?"

"துரைக்கு."

"எலையில மருந்து கிருந்து இருந்துடப் போவுதும்மா. டெஸ்ட் பண்ணிட்டு எடுத்துக்க."

"தப்பாப் பேசிட்டேன் மாமா. அது நுரையே இல்லையாம். கூடாம்."

அவர் கை நின்றது. "கூடா? மீனு எங்கனா கூடு கட்டுமா?"

சொன்னேன். கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம் பெரிதாகிவிட்டது. பொண்ணு இல்லாமலா, வாயாலயா, ஒட்டுறதுக்கு எச்சியா என்று கேட்டுக்கொண்டே குனிந்து இலை பொறுக்கினார். ஓட்டை விழுந்ததைத் தள்ளிவிட்டு, நல்லதாகப் பார்த்துத் துண்டில் துடைத்து எடுத்துக்கொண்டு, என் கூடவே வந்துவிட்டார்.

இலை ஊற ஊறத் தண்ணீர் பழுப்பாக மாறியது. "இன்னாம்மா, மீனுக்கு மட்டும்தான் டீயா?" என்றார். மாமியார் சட்டென்று எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

அதன்பிறகு நான் செய்த வைத்தியம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் வேலையில் அதைப்போலக் கஷ்டமானது வேறில்லை. துரை முதலில் நிமிர்ந்தான். பிறகு வால் மெல்ல விரிந்தது. ஒரு தீனியை வாயில் வாங்கித் துப்பினான், அடுத்ததை விழுங்கினான். சாயங்காலமானால் சின்ன மாமா டீ டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஒரு காலையில், மூலையில் இலைக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஜவ்வரிசி.

"அத்தை, நுரை வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து சின்ன மாமா ஓடி வந்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப யார் மேலம்மா கேஸு?"

பவித்ரா ஊரிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் போய்ப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கூடு கட்டி, அதற்குக் காவல் நின்றிருந்தான் துரை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஓசூர்க் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, கூடப் படுத்தவளின் குறட்டை, எல்லாம். இருட்டும் வரை பேசினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த எந்தப் பொங்கலையும் நான் நிம்மதியாகக் கும்பிட்டதில்லை. வாசலில் பானை வைத்து, பால் நுரைத்துக்கொண்டு மேலே வரும்போது எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவார்கள். சின்ன மாமா மட்டும் பானைக்கும் எனக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

"யாருனா இவள கெட்டியா புடிச்சிக்கங்கபா. நுரையப் பாத்துட்டா. பானையக் கவுத்துக் கழுவிடப் போறா."

பிடித்துக்கொள்வது எப்போதும் பவித்ராதான்.