ஸ்ரீநாத்துக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை

மனம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்ற முடிவுக்குத் திருமுல்லைவாயில் ஸ்ரீநாத் போன மாதம் வந்து சேர்ந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அறிவியல் தத்துவம். மூளை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, அதில் மின்சாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். ஆசை, கோபம், விருப்பம் எல்லாம் அறிவியல் வளராத காலத்துப் பேச்சு. இதை ஞாயிறு காலை மொட்டை மாடியில் ஃப்ளாட்காரர்கள் முன்னால் பேசப்போகிறார். மேடைப் பேச்சு இதுதான் முதல் தடவை.

அதே ஞாயிறு மதியம்தான் நூம்பலில் மச்சினன் அருள்மொழியின் புது வீட்டில் விருந்து. கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸைச் சாக்கு சொல்லித் தப்பியாயிற்று. அருள்மொழி நல்லவன்தான். ஆனால் ஒரு குழாய் விடாமல் திறந்து காட்டி, அதை எந்தக் கடையில் தேடிப் பிடித்தான் என்று சொல்லி முடிக்காமல் இலையில் உட்கார விடமாட்டான். புது வீட்டில் மூன்று பாத்ரூம்.

வர விருப்பமில்லை என்று மனைவி நிவேதிதாவிடம் வியாழக்கிழமையே சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. சரி என்று துணி மடிக்கப் போய்விட்டாள். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

பேச்சு என்னவோ அமர்க்களமாகத்தான் போனது. கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து நிவேதிதா எழுந்தாள். பட்டுப் புடவையில் இருந்தாள்.

"விருப்பம்னு எதுவுமே கிடையாதுன்னு சொல்றீங்க?"

"கிடையவே கிடையாது."

"ஒருத்தர் விருப்பமில்லன்னு சொல்லி ஒரு எடத்துக்கு வரலன்னா?"

"அது காரணமே ஆகாது. அறிவியல் ஒத்துக்காது," என்று ஸ்ரீநாத் உற்சாகமாக மேஜையைத் தட்டினார்.

"அப்ப நூம்பலுக்கு வர்றதுல உங்களுக்கு என்னங்க தடை?"

ஸ்ரீநாத் குறிப்புத் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். விருப்பமில்லை என்று சொன்னால் ஒரு மணி நேரம் பேசியது அம்பேல். சொல்லாவிட்டால் மூன்று பாத்ரூம்.

பூந்தமல்லியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எதிர் ஃப்ளாட் பாசித்துக்கு அவர் படும் பாடு தாங்கவில்லை. "அண்ணாத்தே, அக்கா கேக்கறது கரெக்டாத்தான் கீது. எதுனா ஒண்ணு சொல்லிடு," என்றார்.

"தடை ஒண்ணும் இல்ல," என்றார் ஸ்ரீநாத். எல்லோரும் கை தட்டினார்கள்.

கீழே வாடகைக் கார் நின்றிருந்தது. பின் சீட்டில் அவருடைய வேட்டி, சட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தது. காருக்கு எப்போது சொன்னாய் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையே என்றாள். அவர் வருவார் என்று அப்போதே அவளுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் ஸ்ரீநாத்துக்கு விளங்கவில்லை. அதையும் கேட்டுவிட்டார்.

"நாலு பேர் முன்னாடி தோத்துட்டேன்னு சொல்ல உங்களுக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் நிவேதிதா, கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி.