மஞ்சள் விளக்கும் மேற்பார்வையாரும்

உலகங்களையெல்லாம் ஓயாமல் சுழற்றிக்கொண்டே, அவற்றின்மேல் இருக்கும் ஒரு கிண்ணத் தண்ணீர்கூடச் சிந்தாதபடி காத்தருளும் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறோம். அவன் ஏறிவரும் தேருக்குக் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் வேண்டியதில்லை. மனிதன் செய்த வண்டிக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. மனிதனுக்கும் வேண்டியிருக்கிறது, அதிலும் மணமானவனுக்கு. அவன் அருளை முன்னிட்டு இக்கதையைத் தொடங்குகிறோம்.

குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் ஆயுள் முழுதும் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். தெருவார் அவரை மேற்பார்வையார் என்றே அழைத்தார்கள். எத்தனையோ குழாய்கள் அவர் முன்னிலையில் பதிக்கப்பட்டன. ஒன்றையும் அவர் கை தொட்டதில்லை. விரல்தான் வேலை செய்தது. "அங்க பாரு, இங்க பாரு, அதோ ஒழுகுது பாரு" என்று காட்டிக்காட்டியே அந்த விரல் ஓய்வூதியம் பெற்றுவிட்டது.

அவரிடம் ஒரு பழைய எஸ்.யூ.வி. இருந்தது. நின்றால் குட்டி மலை; நடந்தால் குடித்த யானை. நடை அப்படி ஆனதற்குக் காரணம், அதன் நான்கு சக்கரங்களிலும் இருந்த எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர்கள் தேய்ந்துபோனதுதான். பள்ளம் வந்தால் இளகு, வளைவு வந்தால் இறுகு என்று வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு வயர் வழியாக அவற்றுக்குச் சொல்லும். அவை கேட்டு நடக்கும். வயதான பின் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அவைதாம் கேட்பதை நிறுத்திவிட்டன. வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கினால், அடுத்த வேகத்தடை வரும்வரை வண்டி தலையாட்டிக்கொண்டே போகும்.

இந்த ஆட்டத்தை மேற்பார்வையார் ஒரு வரமாகவே கருதி வந்தார். ஏனெனில் அவருடைய மனைவியிடமும் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அம்மையார் அறிவியல் ஆசிரியை. சாவியைக் கேட்ட போதெல்லாம் அவருக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: "வேணாம்மா. இது ஆடற வண்டி. என் கைக்குத்தான் அடங்கும்."

அப்படியிருக்கையில் அம்மையாருக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பள்ளி, ஊருக்கு வெளியே கல்குவாரியையும் தாண்டி இருந்தது. அந்தப் பக்கம் பேருந்து போவதில்லை. திங்கட்கிழமை போய்ச் சேரவில்லையென்றால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும்.

"என்னங்க, சாவியைக் கொடுங்க. இனிமே வண்டி எனக்கு வேணும்."

"கொடுக்க மாட்டேன்னா சொல்றேன்? ஆடுதேம்மா! குவாரி ரோடு வேற. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் கதி என்ன?"

"ஆடறதுதான் பிரச்சனையா?"

"அது ஒண்ணுதான்."

"அப்ப அந்த ஆட்டத்தைச் சரி பண்ணிட்டா நான் ஓட்டலாம்?"

"தாராளமா!"

தாராளம் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது எவ்வளவு தூரம் போயிற்று என்று அவருக்கு விளங்கியது.

"நல்லதுங்க. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டுடறேன்" என்றார் அம்மையார்.

மேற்பார்வையார் கணநேரத்தில் கணக்குப் போட்டார். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வண்டி சரியாகிவிடும். சரியானால் சாவி போய்விடும். சாவி போனால் தாம் யார்?

"ஒர்க்‌ஷாப்பா? எதுக்கு? நானே மாத்தறேன். வீட்டுலயே. என் கையால."

அம்மையார் அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "சரிங்க. நான் விளக்கு பிடிக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை புதிய ஷாக் அப்சார்பர்கள் நான்கு பெட்டிகளில் முற்றத்தில் வந்து இறங்கின. எதிர்வீட்டுப் பல் மருத்துவர், கையில் பல் துலக்கும் பிரஷோடு வேடிக்கை பார்க்க வந்தவர், மாலைவரை திரும்பிப் போகவில்லை. மேற்பார்வையார் புதிய கையுறை அணிந்தார். வண்டியின் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தினார். சக்கரத்து நட்டில் ஸ்பானரை மாட்டி ஒரு தம் பிடித்தார். நட்டு அசையவில்லை. சக்கரம் சுற்றியது. மறுபடி தம் பிடித்தார். மறுபடி சக்கரம்தான் சுற்றியது.

"அண்ணே, ராட்டினம் நல்லா சுத்துது" என்றார் பல் மருத்துவர்.

"ஏங்க," என்றார் அம்மையார் பணிவாக, "சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் தளர்த்திட்டு அப்புறம் தூக்கினா என்ன?"

"அதைத்தான் செய்யப் போறேன். சும்மா தூக்கிப் பார்த்தேன், ஜாக்கி நல்லா இருக்கான்னு."

வண்டி இறங்கியது; நட்டுகள் தளர்ந்தன; வண்டி மீண்டும் ஏறியது. தாங்குகால்கள் அடியில் வைக்கப்பட்டன. சக்கரம் கழன்றது. உள்ளே பழைய ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து, புழுதி படிந்து, பல காலம் நீராடாத துறவியைப்போல் நின்றிருந்தது. கீழ் போல்ட் துருப்பிடித்திருந்தது. மருத்துவர் எண்ணெய் தெளித்தார்.

"மரத்துப்போற ஊசி போட்டாச்சு அண்ணே. கொஞ்ச நேரம் விட்டுட்டு இழுங்க."

"இது என்ன கடைவாய்ப் பல்லா?"

"வேர் பிடிச்சது எல்லாம் ஒண்ணுதான் அண்ணே. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். பேஷன்ட் கத்தாது, அது ஒண்ணுதான் வசதி."

கத்தியது மேற்பார்வையார்தான். போல்ட் எதிர்பாராமல் விட்டுக்கொடுத்ததில் முழங்கை தாங்குகாலில் இடித்தது. மேல் நட்டு இன்னும் சோதித்தது. நட்டைத் திருப்பினால் அதனோடு சேர்ந்து உள்தண்டும் சுழன்றது. ஒரு கையால் தண்டைப் பிடித்து மறு கையால் நட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. விளக்கு மட்டும் எங்கே வேண்டுமோ அங்கே, எப்போது வேண்டுமோ அப்போது, கேளாமலே வந்து நின்றது.

எல்லாம் வல்லவன் நினைத்தால், விரலால் மட்டும் வேலை செய்தவனையும் கையால் வேலை செய்ய வைப்பான். பிற்பகலில் நான்கு புதிய ஷாக் அப்சார்பர்களும் தத்தம் இடத்தில் நின்றன. கீழ் போல்ட்டுகளை மட்டும், சக்கரங்கள் மாட்டப்பட்டு வண்டியின் எடை தரையில் இறங்கிய பிறகு, அம்மையார் செல்போனைப் பார்த்துச் சொன்னபடி இறுக்கினார்கள். தொங்கும்போது இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிக் கிழிந்துபோகுமாம்.

வேலை நேர்த்தியாக முடிந்துவிட்டது. அதுதான் மேற்பார்வையாரை அச்சுறுத்தியது. ஆகவே கடைசியாக வயர்களை மாட்டும்போது ஒரு திட்டம் தீட்டினார். பின்புறச் சாமான் அறையின் பக்கச் சுவரில் ஒரு சிறு மூடி உண்டு. அதற்குள்தான் கம்ப்யூட்டரின் வயர் ஷாக் அப்சார்பரின் தலையில் மாட்டும். இடப்பக்கத்து வயரை அவர் மாட்டவில்லை. மாட்டுவதுபோல் 'ம்ம்' என்று ஒரு முக்கல் மட்டும் முக்கிவிட்டு மூடியை மூடினார்.

வண்டியைக் கிளப்பியதும் 'டிங்' என்று மணி ஒலித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"அடடா!" என்றார் மேற்பார்வையார், துக்கம் விசாரிக்க வந்தவரின் முகத்தோடு. "கம்ப்யூட்டர் புதுசை ஏத்துக்கலை பாரு. பழகணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"யார் கண்டா? பழகற வரைக்கும் ரொம்பப் பக்குவமா ஓட்டணும். வேற கை ஆகாது."

பல் மருத்துவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மையார் அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அதுக்கென்னங்க," என்றார் அம்மையார். "உங்க கை இருக்கே. திங்கட்கிழமையிலேருந்து நீங்களே என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுங்க."

மேற்பார்வையாரின் திட்டத்தில் திங்கட்கிழமை இருந்தது. சாவி இருந்தது. தாம் ஓட்டுநராவது மட்டும் அதில் இல்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே அவர் எழுப்பப்பட்டார். அம்மையார் பின் இருக்கையில் அமர்ந்தார். பள்ளிக் காகிதங்களைப் பரப்ப முன் இருக்கையில் இடமில்லையாம். குவாரிச் சாலையில் கல் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பள்ளியை அடைந்ததும், வாயிற்காவலர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து அம்மையாரை வணங்கினார். பிறகு முன்னால் குனிந்து, "டிரைவரெல்லாம் அந்த மரத்தடியில நிறுத்திக்கணும்" என்றார்.

"நான் டிரைவர் இல்லப்பா. அவங்க வீட்டுக்காரர்."

"இருக்கட்டும் சார். ஆனா மரத்தடியிலதான் நிறுத்தணும்."

காலை நடை போயிற்று. ஆற அமரச் செய்தித்தாள் படிப்பது போயிற்று. மருத்துவரோடு ஆடும் கேரம் போயிற்று. வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால், மறுபடி குவாரிச் சாலை. அம்மையாரோ பின்னால் அமர்ந்து வேலைகளை முடித்தார், சக ஆசிரியைகளோடு போனில் பேசினார், வரும்போது நிம்மதியாகத் தூங்கினார். இடையிடையே கண்ணைத் திறந்து, "லாரியை முந்தாதீங்க" என்று சொல்லிவிட்டு மீண்டும் தூங்கினார்.

புதன்கிழமை மாலை மேற்பார்வையாரின் வைராக்கியம் உடைந்தது. சாவி போனால் போகட்டும், தூக்கம் வேண்டும். அம்மையார் உள்ளே இருந்த சமயம் பார்த்து, மூடியைத் திறந்து வயரை மாட்டினார். கிளப்பிப் பார்த்தார். மணி இல்லை. மஞ்சள் விளக்கு இல்லை. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"இந்தாம்மா, சாவி! பழகிடுச்சு! நாளையிலேருந்து நீயே ஓட்டலாம்."

"அப்படியா? இவ்வளவு சீக்கிரமாவா?" என்று அம்மையார் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

வியாழக்கிழமை காலை அம்மையார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வண்டியைக் கிளப்பினார். செய்தித்தாளோடு வாசலில் நின்று கையசைக்கத் தயாரானார் மேற்பார்வையார்.

'டிங்.'

"ஐயோ, என்னங்க! இன்னும் பழகலை போலிருக்கே!" அம்மையார் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க. நேரமாச்சு. பக்குவமா ஓட்டுங்க."

"அது எப்படி எரியும்? நேத்துதானே நான்..."

"நேத்து நீங்க?"

மேற்பார்வையார் வண்டிக்குப் பாய்ந்தார். வண்டியின் வால் சுவரை ஒட்டி நின்றதால், பின் இருக்கையின்மேல் ஏறி, அதைத் தாண்டிச் சாமான் அறைக்குள் குதித்து, மூடியைத் திறந்தார். வயர் கழற்றப்பட்டிருந்தது. வெறுமனே கழற்றியிருக்கவில்லை. தூசி படாமல் அதன் நுனியில் ஒரு சிறு துணி சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டிருந்தது.

"இந்த வயரை யாரோ கழட்டியிருக்காங்க!"

"எந்த வயருங்க?" அம்மையாரின் குரல் கற்கண்டாக இருந்தது. "அது அங்க இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திருடு போனது என்று முறையிட்டால், திருடி வைத்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். மேற்பார்வையார் அந்த ரப்பர் பேண்டை விரலால் நெருடினார். எதிர்வீட்டு வாசலில் பல் மருத்துவர் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"சனிக்கிழமை அதை மாட்டாம விட்டது நான்தாம்மா" என்றார் ஒருவழியாக. "சாவியைக் கொடுக்க மனசு வரலை."

"தெரியும்ங்க. விளக்கு பிடிச்சது யாரு? நான்தானே."

"அப்ப இப்ப கழட்டினது?"

"நான்தான். நீங்களா சொல்ற வரைக்கும் பின்னாடி உட்கார்ந்தே போறதுன்னு இருந்தேன். சௌகரியமாத்தான் இருந்துச்சு." கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் மாட்டுங்க. எனக்குக் கழட்டத்தான் தெரியும்."

பின்கதவை அடைத்துவிட்டு அம்மையார் முன்னால் போய் அமர்ந்தார். மேற்பார்வையார் துணியை அவிழ்த்தார். வயரைத் துடைத்தார். இம்முறை உண்மையாகவே முக்கி அழுத்தினார். 'டக்' என்று அது உட்கார்ந்தது. எஞ்சின் ஒருமுறை அணைந்து மீண்டும் உயிர்பெற்றது. மணி ஒலிக்கவில்லை. சோதித்துப் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டே அவர் நிதானமாக மூடியைப் பொருத்தினார். நான்கு மூலையையும் அழுத்தினார். நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவோடு நிமிர்ந்து பார்த்தார்.

பின்கண்ணாடிக்கு வெளியே தெருமுனை வேகத்தடை தெரிந்தது. அது தொலைவில் போய்க்கொண்டிருந்தது. வண்டி எப்போது புறப்பட்டது, அதன்மேல் எப்போது ஏறி இறங்கியது என்று அவருக்குத் தெரியவே இல்லை. அவர் கையால் மாட்டிய ஷாக் அப்சார்பர்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

"ஏம்மா! நிறுத்து! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!"

"தெரியும்ங்க" என்றார் அம்மையார். "கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி தெரியலை."

இக்கதையைப் படித்தவர்க்கும், படிக்கச் செவிமடுத்தவர்க்கும், போகும் வழியெல்லாம் சமனாகட்டும். ஏறும் மேடும் இறங்கும் பள்ளமும் உடம்புக்குத் தெரியாமல் கடக்கட்டும். இருவர் வாழும் வீடுகளில் இருவரும் எங்கே அமர்ந்தாலும் மனம் நோகாமல் வாழ, எல்லாவற்றையும் ஓட்டுகின்ற பெருமான் அருள்புரிவானாக.