கேமராவுக்கு என் கையெழுத்து கிடையாது

யார் தலைகீழாக நின்றாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

தெருமுனை சிக்னலில் கேமரா வைக்கலாமா, வேண்டாமா என்று நகராட்சி வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். என் மனைவி ‘வேண்டும்’ என்று டிக் அடித்து, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டாள். நானோ மருந்துக் கடைகளுக்கு வேனில் சரக்குப் போடுகிறவன். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். என்னை வேவு பார்க்க வீட்டில் இருக்கிற இரண்டு கண் போதாதா?

“போலீஸ்காரர்னா கெஞ்சலாம். கேமராகிட்ட யாரு கெஞ்சுறது?”

“கெஞ்சுற மாதிரி ஏன் ஓட்டுறீங்க?”

“கேமராவுக்குப் பயந்து சடார்னு பிரேக் போட்டா, பின்னாடி வர்றவன் இடிப்பான்டி!”

“முன்னாடி நடக்குறவ நான். என்னை இடிச்சாப் பரவாயில்லையா?”

வாதத்தில் தோற்கும்போதுதான் எனக்குத் திட்டம் உதிக்கும். தாளைத் திருப்பித் தரவேண்டிய கடைசி நாள் காலையில், வலது கையில் முழங்கை வரை துணியைச் சுற்றிக்கொண்டு முனகினேன்.

“சுளுக்கு. பேனாவே பிடிக்க முடியல.”

“அச்சச்சோ! எங்க கிளினிக் டாக்டர்கிட்டயே காட்டிடலாம். எனக்கும் வேலைக்கு நேரமாச்சு, கிளம்புங்க.”

“அவர் பல் டாக்டராச்சே!”

“பல்லும் எலும்பு மாதிரிதான். வாங்க.”

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சிக்னலுக்கு வந்தபோது மணி எட்டு பத்து. வண்டிகளுக்குச் சிவப்பு விழுந்தது. சிவப்பாவது கிவப்பாவது என்று ஒரு தண்ணீர் லாரி சீறிக்கொண்டு வந்தது. சுளுக்குக் கையாலேயே அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். துணி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அதே கையை ஓங்கிக்கொண்டு கத்தினேன்: “டேய்! உன்னையெல்லாம் படம் பிடிச்சு உள்ள தள்ள ஆளில்லையா?”

“நான் காலே எடுத்து வைக்கலையே” என்றாள் அவள். “இந்த நேரத்துக்கு அவன் இப்படித்தான் போவான்னு தெரியும்.”

“தினமுமா?”

“தினமும். போன மாசம் என் பையைத் தட்டிட்டே போனான். சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல.”

பதினெட்டு வருஷமாக இவளோடு சண்டை போட்டு வாழ்ந்து பழகிவிட்டேன். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்த் தோற்பேன்?

“அந்தத் தாளை வீட்லயா வச்சிருக்க?”

அவள் பையிலேயே இருந்தது. பேனாவும் இருந்தது. சிக்னல் கம்பத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் குனிந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டாள். சுளுக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசி.

“நாளையிலேர்ந்து நானே கூட வந்து ரோட்டைத் தாண்டி விடுறேன்” என்றேன்.

“கேமரா வர ஆறு மாசமாகுமாம். அதுவரைக்கும் உங்களை எப்படி ஏழு மணிக்கே எழுப்புறதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்” என்றாள். “இந்தாங்க, பையைப் பிடிங்க.”