மூன்றாம் திரையில் வந்த நம்பர்

முடிந்த வேலையை நாலு முறை சோதித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான், கம்ப்யூட்டர் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஊர் லூனாஸில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனேன்.

கவுண்டர் கம்ப்யூட்டருக்கு இரண்டு திரைகள். நோயாளிகள் உட்காரும் கூடத்துக்கு ஒரு டிவி. அன்று மதியத்திலிருந்து சீட்டு நம்பர் டிவியில் வரும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டாக்டர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எது எந்தத் திரை என்று அறிய கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் பெரிதாகத் தோன்றி மறையும். அழுத்தினேன். டிவியில் 1. அது மூன்றாக இருக்க வேண்டும். மேசைக்கடியில் புகுந்து வயரை மாற்றினேன். 2. மறுபடி புகுந்தேன். 3! (அதோடு நிறுத்தியிருக்கலாம்.) உறுதிசெய்ய இன்னும் நாலு முறை அழுத்தினேன்.

கூடத்தில் சீட்டோடு ஆட்கள் காத்திருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் அறையிலிருந்து ஒரு அக்காவின் குரல் கேட்டது. "ஒன்னு நான்தான்லா! நான் உள்ள வரதுக்குள்ள ரெண்டு, மூணு எல்லாம் வந்திருச்சு!"

மன்னிப்புக் கேட்க ஓடினேன். சோற்றுக் கையோடு டாக்டர். எதிரே மூன்று பேர். மூன்றாவது ஆள், மோட்டார்சைக்கிள் டயர் மாற்றப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த என் அப்பா.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"நீங்க என்ன பண்றீங்கப்பா?"

"சும்மா... வாயு."

அப்பாவின் முகம் வியர்த்திருந்தது; கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. டாக்டர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அண்ணே, படுங்க. நெஞ்சு வலி எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் டாக்டர். பிள்ளைக்கு இப்பதான் வேலை கெடச்சிருக்கு. லீவு போட வச்சிடக் கூடாதேன்னு..."

கையில் மிச்ச வயர் ஒன்றைப் பிடித்தபடியே அழுதேன். நம்பர் ஒன்று அக்கா தன் டிஷ்யூவை நீட்டினார். "அழாதம்மா. அப்பா கூட போ. என் காய்ச்சல் எங்கயும் ஓடிடாது."

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அப்பா நன்றாக இருக்கிறார்.

ஆனால் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லும் கதை வேறு: "என் மக கம்ப்யூட்டர்ல பட்டன அழுத்தியே அவருக்கு ஹார்ட் அடைப்பைக் கண்டுபிடிச்சிட்டா!" திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். போன தீபாவளிக்கு வந்த பாலிங் ஊர் மாமா, பலகாரத்தைக்கூடத் தொடாமல் என் மடிக்கணினிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தடவ அழுத்திப் பாரும்மா."